ஞானஸ்நான அச்சாரம்

என் தம்பி வால்டர் மனதாலும் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு படித்தால் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

அவன் டன்லாரி சபைக்குப் போதகர். நான் அவனுக்கு மூத்தவள், கல்யாணம் காட்சி இல்லாதவள், அவனுக்குச் சமைத்துப் போட்டு, அவன் சட்டைக் கழுத்துப்பட்டிக்குக் கஞ்சி போட்டுக் காலம் தள்ளியவள். கிளாஸ்கோ கல்லூரியில் ஒழுக்கத் தத்துவம் படித்துவிட்டு வந்தான். படித்தான் என்றால் போதாது, அதிலேயே ஊறிப்போனான். மனிதன் ஏன் நல்லது செய்கிறான், அடுத்தவன் அழுதால் நமக்கு ஏன் தொண்டை அடைக்கிறது, ஒரு தேசம் எப்படிப் பணக்கார தேசம் ஆகிறது, இன்னொன்று ஏன் கஞ்சிக்குத் திண்டாடுகிறது, இதெல்லாம் அந்தக் காலத்தில் எங்கள் ஸ்காட்லாந்தில் படித்தவர்களை எல்லாம் பிடித்து ஆட்டிய பேய். நாலு பேர் கூடினால் ஒரு சங்கம் வைத்துவிடுவார்கள். சங்கம் கூடினால் ஒருவர் கட்டுரை படித்தாக வேண்டும். வால்டர் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசுவான், ஓட்ஸ் கஞ்சி ஆறிப் பாறையாகும்.

"அடுத்தவன் இடத்துல நம்மள வெச்சுப் பார்க்கணும் அக்கா. ஒழுக்கத்துக்கு வேர் அங்கதான் இருக்கு."

"மொதல்ல அந்தக் கஞ்சி இடத்துல உன்ன வெச்சுப் பாரு. எவ்வளவு நேரமாக் காத்துக்கெடக்குன்னு தெரியும்."

சிரிப்பான். சிரித்துவிட்டு ஆறின கஞ்சியை முகம் சுளிக்காமல் குடிப்பான். அப்படிப்பட்டவன்மேல் எப்படிக் கோபப்படுவது சொல்லுங்கள்.

டன்லாரி என்பது ஊர்ப்பெயர். அந்த ஊரையும் அதன் அடியில் கிடந்த நிலக்கரியையும் கட்டி ஆண்ட எசமானையும் நாங்கள் டன்லாரி என்றுதான் சொல்வோம். பெண்டாட்டி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பெருத்த உடம்பு, நல்ல சிரிப்பு, யாராவது சோகப்பாட்டுப் பாடினால் உடனே கண் கலங்கிவிடும். வால்டருக்கு இந்தச் சபையில் வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் சுரங்கக் குழியில் கரி வெட்டுகிறவர்களும் அவருக்குச் சொந்தம். வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, சட்டமே அப்படி. குழியை விற்றால் குதிரை, வாளி, வடக்கயிற்றோடு அவர்களும் சேர்ந்து கைமாறுவார்கள். ஓடிப்போனால் பிடித்துவந்து மறுபடி இறக்கலாம்.

அவர்கள் பிள்ளைகள் சொந்தமாவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானத்து அன்று ஆலயத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தகப்பன் கையில் கங்காணி ஒரு வெள்ளிக்காசை வைப்பான். அதுதான் அச்சாரம். வாங்கிவிட்டால் அந்தப் பிள்ளையும் ஆயுசுக்கும் குழிக்குப் பாத்தியதை. வாங்காவிட்டால் இல்லை. ஆனால் வாங்காத தகப்பனை நான் கண்டதில்லை. பின்னாலேயே ஒரு குடம் பீரும் வந்து சேரும், அன்றைக்கு ஒரு நாள் அவர்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

வால்டருக்கு இந்த வழக்கம் ஆகாது. தண்ணீரைத் தெளிப்பது அவன் கை, பக்கத்திலேயே காசை நீட்டுவது கங்காணி கை. அதற்காகவே ஒரு கட்டுரை எழுதினான். அடிமை வெட்டும் கரிதான் உலகத்திலேயே விலை கூடிய கரி என்பது அதன் சாரம். தனக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தவன் எதற்கு முதுகை வளைப்பான், சுதந்திரமானவனைக் கூலிக்கு அமர்த்தினால் அதே கரி பாதி விலைக்கு வந்துவிடும், எசமானுக்கும் லாபம், நாட்டுக்கும் லாபம், மனசாட்சிக்கும் நிம்மதி. டன்லாரி வீட்டுக் கூடத்தில் நாலைந்து கனவான்கள் முன்னால் படித்தான். எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் டன்லாரிதான்.

"என் கண்ணத் தொறந்துட்டீங்க போதகரே! அச்சடிக்கணும் இத! செலவு என்னோடது!"

தம்பி அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரிச் சுற்றினான்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை யூஃபன் பிரைடு எங்கள் அடுக்களை வாசலுக்கு வந்தாள். கரி வெட்டுகிற கேவின் பிரைடின் மனைவி. புருஷன் வெட்டுவான், அவள் அதைக் கூடையில் சுமந்து படி ஏறுவாள். கூடை வாரை நெற்றியில் மாட்டி மாட்டி முன்மண்டையில் முடி தேய்ந்துபோயிருந்தது. முப்பது வயது இருக்கும், தூரத்தில் பார்த்தால் கிழவி என்றுதான் சொல்வீர்கள். கம்பளிக்குள் பிறந்து இரண்டு வாரமான பெண்குழந்தை. மூத்தவன் ராபியும் அடுத்தவளும் ஏற்கெனவே குழிக்குள் இருந்தார்கள்.

உள்ளே வரச் சொன்னேன். காலெல்லாம் கரி என்று வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, இந்தப் புள்ளைக்கு நாங்க அச்சாரம் வாங்கப்போறதில்ல."

"கேவின் ஒத்துக்கிட்டானா?"

"அவருதான் மொதல்ல சொன்னாரு. ரெண்டக் குடுத்தாச்சு, போதும்னாரு. என் அக்கா மீன்காரங்க வீட்டுல வாக்கப்பட்டிருக்கா. பால் மறந்ததும் இவள அங்க கொண்டு விட்டுருவேன். மீன் நாத்தம் பரவால்லம்மா, வெயிலாவது படும்." குழந்தை முகத்தைக் கம்பளியால் மூடினாள். "போதகரய்யாகிட்ட சொல்லி, எசமான்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கெழம கங்காணிக்கு வேற வேலை ஏதாவது குடுத்துட்டாப் போதும். யாரும் கண்டுக்க மாட்டாங்க. பொட்டப்புள்ளதானே. குழிக்கு ஒரு கூடைதானே கொறையும்."

"கேக்கச் சொல்றேன்" என்றேன். நம்பிக்கையோடுதான் சொன்னேன். டன்லாரி சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது கோப்பை ஒயினும் உள்ளே போனபிறகு, இப்படி ஒரு சின்ன விஷயத்துக்கு இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வால்டரிடம் சொன்னேன். அவன் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. கட்டுரை எழுத உட்காரும்போது வருகிற முகம். எனக்குத் தெரியும் அந்த முகம்.

"அவங்களே மறுக்கறாங்களா! அக்கா, இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

"பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல, சின்ன விஷயம். ஒரு புள்ள. சனிக்கெழம அவர் வீட்டு விருந்துக்குப் போறோம்ல, சாப்பிட்டு முடிச்சதும் அவர் காதுல மெதுவாக் கேளு. தலையாட்டிடுவார்."

"தயவாக் கேக்கச் சொல்றியா?"

"ஆமா. தயவாத்தான். காலப் புடிக்கணும்னாலும் புடி."

எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டான். "இன்னைக்குத் தயவாக் குடுத்தா நாளைக்குக் கோவத்துல பறிச்சுக்கலாம். தயவு அவரோடது, எடுத்துக்கற அதிகாரமும் அவரோடதுன்னு ஆயிடும். அதுவும் ஒரு புள்ளைக்கு மட்டும் கேட்டா, மத்தப் புள்ளைங்க என்ன பாவம் செஞ்சுது? அவங்க வீட்டு வரிசையில அடுத்த வீட்டுலயும் ஒரு கொழந்தை பொறந்திருக்கு. அதோட அம்மா இடத்துல உன்ன வெச்சுப் பாரு."

அவன் சொன்னது சரி. அதுதான் என் வயிற்றெரிச்சலே. இத்தனை வருஷம் கழித்தும் அவன் சொன்னதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப என்ன செய்யப்போற?"

"கட்டுரைக்குக் கை தட்டினாரே, அதையே எடுப்பேன். அச்சார வழக்கத்தையே நிறுத்துங்கன்னு கேப்பேன். அவர் அறிவுள்ள மனுஷன், அக்கா. நியாயத்தை ஒத்துக்கிட்டவர். ஒத்துக்கிட்டதைச் செய்யச் சொல்றது தப்பா?"

சனிக்கிழமை மத்தியான விருந்துக்கு நாங்கள் மூன்று பேர்தான். ஆட்டுத்தொடை, டர்னிப்புக் கிழங்கு, நல்ல ஒயின். டன்லாரி ரொம்ப உற்சாகமாக இருந்தார். காலையில் ஒரு முயல் அடித்திருந்தார், அதைப் பற்றியே பேச்சு. சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு, தம்பியைப் பார்த்து, "என்ன போதகரே, ஏதோ கேக்கணும்னு துடிக்கிறீங்க. கேளுங்க. இன்னைக்கு மனசு நல்லா இருக்கு" என்றார்.

மேஜைக்கு அடியில் வால்டர் காலை மிதித்தேன். ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை என்று கேளடா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கோட்பாட்டிலிருந்து ஆரம்பித்தான்.

நன்றாகத்தான் பேசினான். டன்லாரியும் கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டார். அப்புறம் ஆட்டம் நின்றது. புருவத்தை நெரித்துக்கொண்டு கோப்பையைக் கீழே வைத்தார். அந்த மனிதர் தன் விஷயத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு நான் அதுவரை பார்த்ததே இல்லை. வால்டர்தான் போட வைத்தான்.

"போதகரே, எல்லா எசமானும் ஒரே நாள்ல விட்டுட்டா, கரி மலிவாகும். கூலிக்கு ஆள் நெறைய வருவாங்க. ஒத்துக்கறேன். ஆனா நான் ஒருத்தன் மட்டும் விட்டா? அக்கம்பக்கத்துக் குழிக்காரனுங்க அஞ்சு காசு கூடக் குடுத்து என் ஆளுங்கள அள்ளிக்கிட்டுப் போயிருவானுங்க. அவனுங்க ஆளுங்க அவனுங்ககிட்டயே கட்டிக்கெடப்பாங்க, எனக்கு வரமாட்டாங்க. எறைக்க ஆளில்லாம என் குழியில தண்ணி ரொம்பிரும். மொதல்ல விடறவன் கதி என்ன? உங்க கட்டுரையில அது எங்க இருக்கு?"

வால்டர் திகைத்துப்போனான். அப்புறம் என்ன செய்தான் தெரியுமா? சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தான்.

"அருமையான ஆட்சேபணை! இத நான் யோசிக்கவே இல்ல. நீங்க சொல்றது சரிதான், மொதல் ஆளோட நஷ்டத்துக்குப் பதில் இல்லாம இந்த வாதம் நிக்காது." எழுதிக்கொண்டே தலையை நிமிர்த்தினான். "ஆனா மாற்றம் கீழேயிருந்தே வந்துட்டா? ஆளுங்களே மறுக்க ஆரம்பிச்சாச்சுன்னா? உதாரணத்துக்கு, உங்க கேவின் பிரைடு. நாளைக்கு அவன் அச்சாரம் வாங்கப்போறதில்ல."

டன்லாரி சிரித்த முகம் மாறவில்லை. "யாரு, பிரைடா?" என்று மட்டும் கேட்டார். பிறகு இன்னும் ஒரு துண்டு கறி போடச் சொன்னார்.

வரும் வழியெல்லாம் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் அதிர்ந்துபோனான். "உதாரணம் இல்லாம வாதம் எப்படி அக்கா?" என்றான். அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடலிலிருந்து மூடுபனி ஏறி, ஆலயத்துக்குள்ளேயே மூச்சு புகைந்தது. டன்லாரி மேல் மாடத்தில் தன் இருக்கையில் இருந்தார். பிரசங்கம் முடிந்ததும் கேவின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். முகத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தான், கண்ணிமை விளிம்பில் மட்டும் கரி. யூஃபன் பெண்கள் பக்கத்தில், எனக்கு இரண்டு வரிசை முன்னால்.

கங்காணி ஹாடோ வந்து நின்றான். வழக்கமாக அவன் காசை வைத்துவிட்டு, கல்யாணப் பந்தல் மாமா மாதிரி ஏதாவது கேலி பேசிவிட்டுப் போவான். அன்றைக்குக் கேலி இல்லை. கேவின் கையை நீட்டவில்லை. பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹாடோ குனிந்து பேசினான். மெதுவாகத்தான் பேசினான், ஆனால் அந்த அமைதியில் முதல் நாலு வரிசைக்கும் கேட்டது.

"நல்லா யோசிச்சுக்க. வேணாம்னா வேணாம், யாரும் கட்டாயப்படுத்தல. ராபியை நாளைலேர்ந்து கிழக்கு முனைக்கு மாத்தச் சொல்லி எசமான் உத்தரவு."

குழியின் கிழக்கு முனையில் இடுப்பளவு தண்ணீர். போன குளிர்காலத்தில் அங்கே வேலை செய்த இரண்டு பேரை வால்டர்தான் புதைத்தான். ராபிக்கு இடுப்பு எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், பெரியவர்களுக்கு இடுப்பளவு என்றால் அவனுக்குக் கழுத்தளவு.

கேவின் அசையவில்லை. அவன் மறுத்தானா, மரத்துப்போனானா, எனக்குத் தெரியாது.

யூஃபன் எழுந்தாள். வரிசையை விட்டு வெளியே வந்தாள். எங்கள் ஆலயத்தில் ஞானஸ்நான நேரத்தில் தாய் முன்னால் போகிற வழக்கமே கிடையாது, சபை மூப்பர் ஒருவர் கையைக் காட்டித் தடுக்கப் பார்த்தார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் ஹாடோ முன்னால் நின்று கையை நீட்டினாள்.

தாய் வாங்கினால் செல்லுமா என்று ஹாடோவுக்குக் குழப்பம். மாடத்தைப் பார்த்தான். டன்லாரி லேசாகத் தலையசைத்தார். காசு அவள் கைக்குப் போனது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

வால்டர் தண்ணீரில் கையை வைத்தபடி நின்றுகொண்டே இருந்தான். குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்த பிறகுதான் ஜெபத்தைத் தொடங்கினான். அவனுக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட அதிகமாக ஆத்திரம் இருந்தது.

வெளியே கல்லறைகளுக்கு நடுவில் டன்லாரி என்னைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான், முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன அம்மணி, நீங்க முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு பொட்டப்புள்ள! நேத்து உங்க தம்பி சும்மா கேட்டிருந்தா, எடுத்துக்கோங்கன்னு சொல்லியிருப்பேனே. ஹாடோவ முயல் பிடிக்க அனுப்பியிருப்பேன்."

"இப்ப சொல்லலாமே எசமான். காசைத் திருப்பி வாங்கிட்டாப் போச்சு."

"இப்பவா?" என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இப்ப அது முறைன்னு ஆயிரும். இவளுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். உங்க தம்பிதானே அழகா எடுத்துச் சொன்னாரு." அதற்குமேல் நிற்காமல் குதிரையிடம் போய்விட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து வால்டர் சாப்பாடு தூக்கம் இல்லாமல் கட்டுரையைத் திருத்தி எழுதினான். டன்லாரியின் ஆட்சேபணையைச் சேர்த்தான், அதற்கு ஒரு பதிலும் கண்டுபிடித்துவிட்டான்: எல்லா எசமான்களையும் ஒரே நாளில் கட்டுப்படுத்துகிற சட்டம் வேண்டும். கடைசியில் யூஃபன் கை நீட்டியதை எழுதினான். பெயர் போடவில்லை, இந்தத் தடவை அதைக் கற்றுக்கொண்டிருந்தான். அவள் தானாகவே எழுந்து வந்தாள், யாரும் இழுக்கவில்லை என்பதையும் எழுதினான்.

"அத எதுக்குடா எழுதற? அவளே ஆசைப்பட்டு வித்தான்னு சொல்லிருவாங்கடா."

"எதிர்த்தரப்புக்குச் சாதகமா இருக்கறதையும் சொல்லணும் அக்கா. நியாயமா இருக்கணும் இல்லையா?"

அதைப் படிக்க அவன் எடின்பரோவுக்குப் புறப்பட்டபோது டன்லாரி தன் வண்டியையே கொடுத்துப் படகுத்துறை வரைக்கும் அனுப்பினார். அங்கே பெரிய சங்கம், நீதிபதிகள், பேராசிரியர்கள், ஊரில் இருக்கும் பெரிய தலைகள் எல்லாம் வருவார்கள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தவன் முகத்தில் களைப்பும் வெளிச்சமும் சேர்ந்து இருந்தன. சாப்பாடு எடுத்து வைத்தேன். கரண்டியை ஆட்டிக்கொண்டு பேசினான்.

"அந்தத் தாய் எழுந்து வர்ற எடத்துல ஒரு சத்தம் இல்ல அக்கா. ஊசி விழுந்தாக் கேட்கும். ஒரு நீதிபதி அழுதுட்டார். வயசானவர், தோள் வரைக்கும் தொங்கற பொய்முடி வெச்சிருக்கார், அதுலயே கண்ணத் தொடைச்சுக்கிட்டார். இன்னொருத்தர் எழுந்து வெளிய போய் முகம் கழுவிட்டு வந்தார். அடுத்தவன் வலி நமக்குள்ள வரும்னு நான் சொல்றேன் பாரு, கண்ணு முன்னால நடந்துச்சு."

"அழுதாங்க. அப்புறம்?"

"அப்புறம்னா?"

"அழுது முடிச்சிட்டு என்ன செஞ்சாங்க?"

யோசித்தான். என் தம்பி பொய் சொல்லமாட்டான்.

"சிப்பி வந்துச்சு. சாப்பிட்டோம்."

அன்று காலையில் நான் கண்டதைச் சொன்னேன். யூஃபன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மாரோடு குழந்தையைக் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு, பல்லில் மெழுகுவர்த்தியைக் கடித்துக்கொண்டு குழிப்படியில் இறங்கினாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தப் பிள்ளையைத் தா, வேலை முடியும்வரை நான் வைத்திருக்கிறேன் என்று கையை நீட்டினேன். மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வேணாம்மா. உங்க வீட்டுல இதையும் எங்கயாவது பேசிருவாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இறங்கிப் போய்விட்டாள்.

வால்டரின் முகம் வாடிப்போனது. கண்ணில் நீர் கோத்தது. நடிப்பில்லை, அவனுக்கு நெஞ்சு உண்மையாகவே வலித்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். அப்புறம் மெதுவாக, "அதையும் கட்டுரையில சேர்க்கணும் அக்கா" என்றான்.

அவன் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினேன். அன்றைக்கு ஒரு நாளாவது அவன் பசியோடு படுக்கட்டும் என்று இருந்தது.